குண்டு அரளி

காலை நிகழ்ச்சி நடத்துபவர்களுக்கு ஞாயிற்றுக்கிழமை என்பது பெரிய வரம். வாரத்தில் ஐந்து நாள் விடியற்காலை நான்கரைக்கு எழுந்து, ஆறு மணிக்குச் சிரித்த குரலில் வணக்கம் சொல்லும் எனக்கு, வெயில் வந்த பிறகு எழுந்து தோசை ஊற்றும் அந்த ஒரு நாள்தான் நிம்மதி.

சென்ற ஆண்டு நவம்பரில் அப்படி ஒரு ஞாயிறு. அடுப்பில் கல் காய்ந்துகொண்டிருந்தது. இரண்டரை வயது மகள் பால்கனிப் பக்கம் விளையாடிக்கொண்டிருந்தாள். திடீரென்று சத்தம் நின்றுவிட்டது. பிள்ளை வளர்ப்பவர்களுக்குத் தெரியும், சத்தத்தைவிட அமைதிதான் ஆபத்து. எட்டிப் பார்த்தேன். தொட்டிச் செடிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். கையில் கிள்ளிய இலை. உதட்டில் வெள்ளையாக ஒரு கோடு.

"அம்மா, பால்" என்றாள்.

அது அப்பா கொடுத்த செடி. அடியில் குண்டாக, பானை வயிறு போன்ற தண்டு. மேலே நாலைந்து கிளை. நுனியில் ரோஜா நிறப் பூக்கள். புது வீடு புகுந்தபோது கிள்ளானிலிருந்து மடியில் வைத்துக்கொண்டு வந்து கொடுத்தார். பெயர் கேட்டதற்கு "பாலைவன ரோஜா" என்றார். ரோஜாதானே என்று நானும் விட்டுவிட்டேன்.

கைப்பேசியில் அந்தப் பெயரைத் தேடினேன். முதலில் கண்ணில் பட்ட சொல் "நஞ்சு". அதற்கு மேல் படிக்கவில்லை. பிள்ளையின் வாயைக் கழுவினேன். என் கணவர் சட்டைப் பொத்தானைக்கூடப் போடாமல் காரை எடுத்தார். தோசைக் கல்லை அணைத்தேனா என்பது மருத்துவமனை வாசலில்தான் நினைவுக்கு வந்தது. அணைத்திருந்தேன். எப்போது அணைத்தேன் என்று இன்றுவரை தெரியாது.

அவசரப் பிரிவில் இருந்த இளம் பெண் மருத்துவர் பதற்றமில்லாமல் கேள்விகள் கேட்டார். எந்தச் செடி, எவ்வளவு நேரமாச்சு, விழுங்கினாளா, துப்பினாளா, வாந்தி எடுத்தாளா. நான் கையோடு கொண்டுபோயிருந்த கிளையைப் பார்த்தார். அடுத்து அவர் கேட்டது எனக்குப் புரியவில்லை.

"உங்கள் வீட்டில் யாராவது இதய நோய்க்கு மருந்து சாப்பிடுகிறார்களா?"

"என் அப்பா. ஆனால் அவர் எங்களோடு இல்லை, கிள்ளானில் இருக்கிறார். ஏன் டாக்டர்?"

"இந்தச் செடியில் இருப்பதும் சில இதய மாத்திரையில் இருப்பதும் ஒரே மாதிரி வேலை செய்யும். குழந்தை மாத்திரை எதையும் எடுக்கவில்லை என்று உறுதி செய்துகொள்ளத்தான் கேட்டேன்."

மகளின் சின்ன நெஞ்சில் ஒயர்களை ஒட்டினார்கள். திரையில் ஓடிய பச்சைக் கோட்டைப் பார்த்துக்கொண்டு இரவுவரை உட்கார்ந்திருந்தோம். அவள் கடித்துப் பார்த்துக் கசந்ததும் துப்பியிருக்கிறாள். ரத்தச் சோதனையிலும் இதயத் துடிப்பிலும் எந்தக் குறையும் இல்லை. இரவு பத்து மணிக்கு வீட்டுக்கு அனுப்பினார்கள். அவள் தூங்கிவிட்டாள். நான் தூங்கவில்லை.

வாசலில் பதினொரு தொட்டி

மறுநாள் அப்பாவிடம் சொல்லத்தான் வேண்டியிருந்தது. முழுக்கக் கேட்டார்.

"நான் கொடுத்த செடிதானேம்மா?"

"ஆமாப்பா. ஒன்னும் ஆகல. நல்லா இருக்கா."

அதற்குப் பிறகு அவர் பேசவில்லை. அந்த வாரம் முழுக்க அவரிடமிருந்து அழைப்பே வரவில்லை. தினமும் என் நிகழ்ச்சியைக் கேட்டுவிட்டு, "இன்னைக்கு ரெண்டு இடத்தில் 'ழ' சரியா வரல" என்று திருத்துபவர் அவர்.

சனிக்கிழமை கிள்ளானுக்குப் போனோம். வீட்டு கேட்டுக்கு வெளியே, குப்பை லாரி நிற்கும் இடத்தில், பதினொரு தொட்டிகள் வரிசையாக இருந்தன. எல்லாம் பாலைவன ரோஜா.

அப்பா துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர். இதயத் துடிப்பு தாறுமாறாக ஓடுகிறது என்று மருத்துவர் சொன்ன பிறகு, ஓய்வுபெற்று வீட்டில் உட்கார்ந்தவருக்கு முதல் ஆறு மாதம் நரகம். அப்போது அவருடைய பழைய சீன நண்பர் ஒருவர் ஒரு காகிதத்தில் ஆறு விதைகளை மடித்துக் கொடுத்தார். அந்த ஆறு விதைகளில் தொடங்கியதுதான் இந்தப் பதினொரு தொட்டியும் என் பால்கனித் தொட்டியும். அவருடைய இரண்டாவது உத்தியோகம் என்றே சொல்லலாம்.

"தெரியாமக் கொடுத்துட்டேன். பிள்ளை இருக்கிற வீட்டுக்கு விஷத்தைக் கொடுத்துட்டேன்" என்றார். அம்மா ஒன்றும் சொல்லாமல் தேநீர் வைத்துவிட்டு உள்ளே போனார்.

எனக்கும் அந்தச் செடியின் மேல் கோபம் இருந்தது. ஆனால் அந்த வரிசையைப் பார்த்தபோது, செடியோடு சேர்த்து அவர் தன்னையும் குப்பைக்குப் போட்டுக்கொள்வது போல இருந்தது. "ஒரு வாரம் பொறுங்கப்பா. முதல்ல இது என்ன செடின்னு முழுசாத் தெரிஞ்சுக்குவோம்" என்றேன். வானொலியில் ஒரு விஷயத்தைச் சொல்வதற்கு முன் இரண்டு இடத்தில் சரிபார்ப்பது எங்கள் தொழில் பழக்கம். வீட்டு விஷயத்தில் அதைச் செய்ய மறந்திருந்தேன்.

அந்த வாரம் தேடிப் படித்ததைத்தான் இங்கே சொல்கிறேன்.

ரோஜாவும் இல்லை, பாலைவனமும் இல்லை

இந்தச் செடிக்கு ஊருக்கு ஒரு பெயர். நம் நாட்டுச் சீனர்கள் "ஃபூ குவேய் ஹுவா" என்கிறார்கள். செல்வமும் சிறப்பும் தரும் பூ என்று பொருள். அதனால்தான் சீனப் புத்தாண்டு நெருங்கும்போது நர்சரிகளில் இது குவிகிறது. இந்தோனேசியாவில் "கம்போஜா ஜெப்பாங்", அதாவது ஜப்பான் கம்போஜா. ஜப்பானுக்கும் இதற்கும் ஒரு தொடர்பும் இல்லை. புதுப்புது நிறங்களில் இதை வளர்த்தெடுப்பதில் பெயர்போன தாய்லாந்தில் "சுவான் சோம்". வந்து ரசியுங்கள் என்று அழைக்கும் பெயர். எல்லாமே அழகான பெயர்கள். ஒன்றிலாவது எச்சரிக்கை இல்லை.

தாவரவியல் பெயர் அடினியம் ஒபீசம். அதன் கதை 1761இல் தொடங்குகிறது. அந்த ஆண்டு டென்மார்க் மன்னரின் ஆதரவில் ஆறு பேர் கொண்ட ஒரு குழு அரேபியாவை ஆராயக் கப்பல் ஏறியது. அதில் பீட்டர் ஃபோர்ஸ்கோல் என்ற இளம் தாவரவியலாளர் இருந்தார். செடிகளுக்கு இரட்டைப் பெயர் வைக்கும் முறையை நிலைநாட்டிய லின்னேயஸின் மாணவர். ஏமன் மலைப்பகுதிகளில் அலைந்து நூற்றுக்கணக்கான செடிகளைக் குறித்துவைத்தார். 1763 ஜூலையில் அங்கேயே மலேரியாவில் இறந்துபோனார். வயது 31, என்னைவிடச் சிறியவர். குழுவில் மற்றவர்களும் ஒருவர் பின் ஒருவராக இறந்தார்கள். உயிரோடு ஊர் திரும்பியது கார்ஸ்டன் நீபூர் ஒருவர் மட்டும். அவர்தான் நண்பரின் குறிப்புகளைச் சேர்த்து 1775இல் புத்தகமாக வெளியிட்டார்.

அந்தப் புத்தகத்தில் நம் செடிக்கு ஃபோர்ஸ்கோல் வைத்த பெயர் நீரியம் ஒபீசம். நீரியம் என்றால் அரளி. ஒபீசம் என்றால் லத்தீனில் குண்டு. குண்டு அரளி!

இதைப் படித்ததும் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டேன். பிறகு 1819இல் இது அரளியிலிருந்து பிரித்துத் தனிப் பேரினமாக வைக்கப்பட்டு, அரபுப் பெயரை ஒட்டி அடினியம் ஆனது. ஆனாலும் அரளியின் குடும்பம்தான். நந்தியாவட்டை, நித்தியகல்யாணி, களாக்காய் எல்லாம் அதே குடும்பம்.

கோலசிலாங்கூர் பக்கம் தோட்டத்தில் வளர்ந்த என் பாட்டிக்கு எழுதப் படிக்கத் தெரியாது. தோட்டத்துக் கோயில் ஓரத்தில் அரளி நின்றது. "பூவைப் பறிச்சுச் சாமிக்குப் போடு. வாயில் வைக்காதே. கையைக் கழுவிட்டு வா" என்று எங்களுக்குச் சொல்லிச் சொல்லி வளர்த்தார். அரளியில் விஷம் உண்டு என்று தெரியாத தமிழ்க் குடும்பம் இருக்குமா? இந்தச் செடி குண்டு அரளி என்ற பெயரோடு வந்திருந்தால், அப்பா அதை மடியில் வைத்துக் கொண்டுவந்திருக்க மாட்டார். நானும் பிள்ளைக்கு எட்டும் உயரத்தில் வைத்திருக்க மாட்டேன். ரோஜா என்று சொன்னதால்தான் உள்ளே விட்டோம்.

சொந்த ஊரில் எப்படி வாழ்கிறது

மேற்கே செனகலிலிருந்து சகாராவின் தென்விளிம்பு வழியாகச் சூடான், எத்தியோப்பியா, சோமாலியா, அங்கிருந்து தெற்கே கென்யா, தான்சானியா வரை இது தானாக வளர்கிறது. செங்கடலைத் தாண்டி அரேபியாவின் தென்பகுதியிலும் இருக்கிறது. மணல் பாலைவனம் இதன் வீடு இல்லை. முள்மரங்கள் அங்கொன்றும் இங்கொன்றுமாக நிற்கும் வறண்ட காடு, பாறைச் சரிவு, கல்லும் மணலும் கலந்த மண், இவைதான் இதன் வீடு.

சகாராவின் தென்விளிம்பில் ஆண்டுக்குச் சுமார் 200 முதல் 600 மில்லிமீட்டர் மழை பெய்யும். அதுவும் சில மாதங்களில் மட்டும். நம் கிள்ளான் பள்ளத்தாக்கில் ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கு மேல். அங்கே ஓர் ஆண்டுக்கு வரும் தண்ணீர் இங்கே சில சமயம் ஒரே மாதத்தில் வந்துவிடும்.

கிடைக்கும் கொஞ்ச மழையைச் சேமிக்கத்தான் அந்தக் குண்டு வயிறு. அடித்தண்டும் வேரும் தண்ணீரை உறிஞ்சிப் பருத்துக்கொள்ளும். வறட்சி நீண்டால் இலைகளை உதிர்த்துவிட்டுச் சேமிப்பில் வாழும். நம்மூரில் வெயிலும் ஈரமும் நிற்காமல் கிடைப்பதால் ஆண்டு முழுவதும் பச்சையாகவே நிற்கிறது. ஏமனுக்குச் சொந்தமான சொகோத்ரா தீவில் இதன் உறவு ஒன்று மனிதர்களைவிட உயரமாக, யானைக்கால் போன்ற தண்டோடு பாறையில் ஒட்டி நிற்கிறது. அந்தத் தீவு 2008இல் யுனெஸ்கோ உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்ந்தது. தென்னாப்பிரிக்காவின் குரூகர் தேசியப் பூங்காவில் இன்னோர் உறவு உண்டு. வெள்ளை இதழ், அதைச் சுற்றிச் சிவப்புக் கரை. இம்பாலா லில்லி என்று அதற்குப் பெயர். லில்லியும் இல்லை என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

விதையும் அழகான ஏற்பாடு. காய் இரண்டு கொம்பு போல ஜோடியாக வரும். முற்றியதும் பிளந்துகொள்ளும். உள்ளே குச்சி போன்ற விதைகள். ஒவ்வொன்றுக்கும் இரண்டு முனையிலும் வெள்ளைக் குஞ்சம். காற்று அதைச் சக்கரம் போல உருட்டிக்கொண்டு போகும். அப்பா காய் பிளக்கும் முன் அதை அம்மாவின் பூக்கட்டும் நூலால் சுற்றிக் கட்டிவிடுவார், விதை பறந்துவிடாமல் இருக்க.

ஆனால் எல்லா உயிரும் தாகத்தோடு அலையும் நிலத்தில், வயிறு நிறையத் தண்ணீரை வைத்துக்கொண்டு நிற்பது சாதாரண காரியமா? கடிக்க வருபவர்களைத் தடுக்க ஒரு பூட்டு வேண்டும். அந்தப் பூட்டுதான் என் மகள் "பால்" என்று சொன்னது.

அம்பும் மாத்திரையும்

இந்தப் பாலின் வலிமையை ஆப்பிரிக்க வேட்டைக்காரர்கள் எப்போதோ கண்டுபிடித்துவிட்டார்கள். தான்சானியாவின் வடக்கே எயாசி ஏரியைச் சுற்றி ஹட்சா என்ற மக்கள் வாழ்கிறார்கள். ஆயிரத்துச் சொச்சம் பேர்தான். அவர்களில் ஒரு பகுதியினர் இன்றும் வேட்டையாடியும் கிழங்கு, தேன் சேகரித்தும் வாழ்கிறார்கள். பெரிய விலங்குகளுக்கு அவர்கள் பயன்படுத்தும் அம்பு நஞ்சுகளில் ஒன்று அடினியம் சாற்றில் செய்வது. சாற்றைக் கறுத்துக் குழம்பாகும்வரை காய்ச்சி அம்பு நுனியில் பூசுகிறார்கள். அம்பு தைத்த விலங்கு உடனே விழாது. அதன் தடத்தைப் பிடித்துக்கொண்டு பொறுமையாகப் பின்தொடர்வார்கள்.

அதே குடும்பத்தில் அகோகாந்தெரா என்று இன்னொரு பசுமை மாறாத புதர் கிழக்கு ஆப்பிரிக்க வறண்ட காடுகளில் உண்டு. களாக்காய்க்கு நெருங்கிய சொந்தம். அங்கே அதுவும் அம்பு நஞ்சு. மனிதர்கள் மட்டும் இல்லை, கொண்டை எலி என்ற ஒரு பிராணியும் இதைக் கற்றுவைத்திருக்கிறது. அந்தப் புதரின் பட்டையை மென்று, எச்சிலோடு சேர்த்துத் தன் விலாப்பக்க முடியில் பூசிக்கொள்கிறது. அதைக் கடிக்கப்போன நாய் பிழைப்பது கடினம். ஆராய்ச்சியாளர்கள் இதை 2011இல் விளக்கி எழுதினார்கள்.

அந்தப் புதரின் நஞ்சுக்கு உவாபெய்ன் என்று பெயர். அம்பு நஞ்சைக் குறிக்கும் சோமாலிச் சொல்லிலிருந்து வந்தது. அடினியத்தில் இருப்பதும் அரளியில் இருப்பதும் அதே வகைப் பொருள்கள். இவை என்ன செய்கின்றன? நம் உடம்பின் ஒவ்வொரு செல்லிலும் சோடியத்தை வெளியே தள்ளிப் பொட்டாசியத்தை உள்ளே இழுக்கும் ஒரு சின்ன பம்ப் இருக்கிறது. இந்த நஞ்சு அதை அடைத்துவிடும். இதயத் தசைக்குள் கால்சியம் கூடும். துடிப்பு முதலில் அழுத்தமாகும், மெதுவாகும், அளவு மிஞ்சினால் தாறுமாறாகி நின்றும் போகும். டென்மார்க்கைச் சேர்ந்த யென்ஸ் ஸ்கோ 1957இல் இந்த பம்ப்பின் வேலையை அடையாளம் காட்டினார். அவர் கண்டது அந்த பம்ப்தான் என்று உறுதிப்படுத்த உதவியது இதே உவாபெய்ன். 1997இல் அவருக்கு வேதியியல் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது.

இப்போது அந்த இளம் மருத்துவரின் கேள்விக்கு வருவோம். 1785இல் வில்லியம் விதரிங் என்ற ஆங்கில மருத்துவர், ஃபாக்ஸ்குளோவ் என்ற செடியின் இலையைக் கால் வீக்க நோயாளிகளுக்குக் கொடுத்த அனுபவத்தைப் புத்தகமாக எழுதினார். அந்தச் செடியின் வகையிலிருந்து வந்ததுதான் டிஜாக்சின் என்ற இதய மருந்து. அதுவும் அடைப்பது அதே பம்ப்பைத்தான். கொஞ்சமாக, அளந்து கொடுத்தால் ஓடித் தவிக்கும் இதயத்தை நிதானப்படுத்தும். உதவும் அளவுக்கும் கெடுக்கும் அளவுக்கும் நடுவே இடைவெளி மிகக் குறைவு. அதனால்தான் மருத்துவர்கள் அதைக் கொடுக்கும்போது ரத்தத்தைப் பார்த்துப் பார்த்துக் கொடுக்கிறார்கள்.

அப்பாவின் மாத்திரைப் பெட்டியை எடுத்துப் பார்த்தேன். தினமும் காலையில் அவர் போடும் அந்தச் சின்ன வெள்ளை மாத்திரை டிஜாக்சின்.

"அப்பா, ரெண்டு வருஷமா நீங்க இதோட சொந்தக்காரனைத்தான் சாப்பிடுறீங்க" என்றேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு கேட்டார்: "அப்ப இந்த மாத்திரையைப் பாப்பா கையில் படுற மாதிரி மேசையில் வைக்கிறேனே, அது?"

அன்றைக்கு அவர் கேட்டதுதான் மிகச் சரியான கேள்வி. செடியை எறிந்துவிடத் துடித்த நாங்கள் யாரும் மாத்திரைப் பெட்டியைப் பற்றி யோசிக்கவே இல்லை. அதே வாரம் அது அலமாரியின் மேல்தட்டுக்குப் போனது. பூட்டும் வந்தது.

அழுகிய வயிறு

பதினொரு தொட்டிகளும் கேட்டுக்கு உள்ளே திரும்பின. என் பால்கனிச் செடியையும் காரில் ஏற்றிக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அப்பா அதன் வயிற்றை அமுக்கிப் பார்த்தார். முகம் மாறியது.

"தினமும் தண்ணி ஊத்துனியா?"

"ஆமாப்பா. காலையில் வேலைக்குப் போகும்போது ஒரு குவளை."

"மழைக்காலத்திலயுமா?"

விரல் வைத்த இடம் பஞ்சு போல அமுங்கியது. தொட்டியிலிருந்து எடுத்தபோது வேரில் அழுகல் வாடை. பாதுகாப்பாக வைக்கத் தெரியாததைப் போலவே உயிரோடு வைக்கவும் எனக்குத் தெரிந்திருக்கவில்லை. இரண்டுக்கும் காரணம் ஒன்றுதான். அது எங்கிருந்து வந்தது என்று கேட்டதே இல்லை.

அப்பா கையுறை மாட்டிக்கொண்டார். அதுவும் புதுப் பழக்கம். சுத்தமான கத்தியால் அழுகிய பாகத்தைச் சீவினார். உள்ளே வெள்ளையாகக் கெட்டியான சதை வரும்வரை சீவிக்கொண்டே போனார். மூன்றில் ஒரு பங்கு போய்விட்டது. வெட்டிய இடத்தில் பூஞ்சை மருந்துப் பொடியைத் தடவி, கார் போர்ச்சில் மழை படாத நிழலில் தலைகீழாகத் தொங்கவிட்டார். மண் இல்லை, தண்ணீர் இல்லை. இரண்டு வாரம் அப்படியே கிடந்தது. இலையெல்லாம் உதிர்ந்து மொட்டைக் கொம்பாக நின்றது.

"செத்துடுச்சாப்பா?"

"இது பட்டினி கிடந்து சாகாது. மூழ்கித்தான் சாகும்" என்றார்.

பிறகு கருக்கிய உமி, ஆற்று மணல், கொஞ்சம் தேங்காய் நார்த்தூள் கலந்து புதுத் தொட்டியில் வைத்தார். பொங்கலுக்கு முந்தைய வாரம் படம் ஒன்று அனுப்பினார். மொட்டைக் கொம்பின் நுனியில் கடுகளவு பச்சை. கூடவே ஒரு குரல் பதிவு: "இன்னைக்கு 'மழை' சரியா சொன்ன. 'வாழைப்பழம்' சரியில்ல."

இரண்டு மாதமாக வராமல் இருந்த திருத்தம் திரும்ப வந்துவிட்டது.

உங்கள் வீட்டிலும் இருக்கிறதா?

இந்த அனுபவத்தை நிகழ்ச்சியில் சொன்னபோது, எங்கள் வீட்டு வாசலிலும் இருக்கிறதே என்று பல நேயர்கள் பதறி அழைத்தார்கள். பதற வேண்டாம். எறியவும் வேண்டாம். இவற்றைச் செய்தால் போதும்.

தவழும், நடக்கும் குழந்தை உள்ள வீட்டில் கைக்கு எட்டாத உயரத்தில் அல்லது கம்பிக் கதவுக்கு வெளியே வையுங்கள். பூனை, நாய் வளர்ப்பவர்களுக்கும் இதே கவனம் வேண்டும். உதிர்ந்த இலை, பூவைக் கூட்டி எடுத்துவிடுங்கள். பூவைச் சாப்பாட்டுத் தட்டில் அலங்காரமாக வைக்காதீர்கள்.

கிளை வெட்டும்போது கையுறை போடுங்கள். பால் கண்ணில் படக் கூடாது. முடித்ததும் கையையும் கத்தியையும் சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.

யாராவது கடித்துவிட்டால் வாயில் மீதம் இருப்பதை எடுத்துவிட்டு வாயைக் கழுவுங்கள். வலிந்து வாந்தி எடுக்க வைக்காதீர்கள். செடியின் ஒரு கிளையோ படமோ எடுத்துக்கொண்டு உடனே மருத்துவமனைக்குப் போங்கள். நன்றாகத்தானே இருக்கிறது என்று வீட்டில் காத்திருக்க வேண்டாம். பினாங்கில் அறிவியல் பல்கலைக்கழகத்தில் இயங்கும் தேசிய நச்சு மையமும் தொலைபேசியில் ஆலோசனை தருகிறது.

செடியின் நலத்துக்கு நாளில் பாதியாவது நேர் வெயில் வேண்டும். மேல்மண் நன்றாகக் காய்ந்த பிறகே தண்ணீர். மண் காய்ந்து வயிறு சுருங்கியிருந்தால் தாகம். மண் ஈரமாக இருந்து வயிறு அமுங்கினால் அழுகல். தொட்டிக்கு அடியில் தட்டு வைக்காதீர்கள். அழுகலுக்கும் ஏடிஸ் கொசுவுக்கும் ஒரே நேரத்தில் இடம் கொடுத்ததாகிவிடும். குண்டு வயிறு வேண்டுமென்றால் விதையில் வளர்த்த செடியை வாங்குங்கள். கொம்பு நட்டு வளர்த்ததில் அந்த வடிவம் சரியாக வராது.

ஒரு காலையில் இலையெல்லாம் காணாமல் போயிருந்தால் பச்சை நிறத்தில் பெரிய புழு ஒன்றைத் தேடுங்கள். அரளிப் பருந்து அந்துப்பூச்சியின் புழு அது. மனிதர்களுக்கு ஆகாத இந்த இலை அதற்கு விருந்து. அதுவும் பழைய அரளிக் குடும்பத்து நண்பன்தான், அதற்கு மட்டும் பெயர் மாறினாலும் அடையாளம் தெரிகிறது.

என் செடி இப்போது மீண்டும் எங்கள் பால்கனியில், கம்பிக் கதவுக்கு வெளியே, குளிர்சாதனப் பெட்டிக்கு மேலே வைத்த இரும்புத் தாங்கியில் இருக்கிறது. அப்பாவே வந்து பொருத்திக் கொடுத்தார். வேலை முடிந்ததும் பேத்தியைத் தூக்கிக்கொண்டு கம்பி வழியாகக் காட்டினார்.

"இது பேர் என்ன சொல்லு?"

"குண்டு அரளி."

"என்ன பண்ணலாம்?"

"பாக்கலாம். தொடக் கூடாது. வாயில் வைக்கவே கூடாது."

"கையைக் கழுவிட்டு வா" என்றார், தொடாத பிள்ளையிடம். என் பாட்டியின் குரல் அப்படியே கேட்டது.